தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

பாபு,

போன வாரம் மளிகைக்கடை போனுக்குக் கூப்பிட்டு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "சரிப்பா, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். கடைக்காரர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார் என்பது ஒரு காரணம். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை என்பதுதான் நிஜமான காரணம். "கார்த்திகையில கல்யாணம், பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். உங்க பேரையும் அப்பா பேரையும் போடலாமா?" என்று கேட்டாய். பெற்ற பிள்ளை எவனும் பத்திரிகையில் அம்மா பேரைப் போட அம்மாவிடமே அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காமல் போடுவார்கள், பேரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவைத்து மண்டபத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார்கள். நீ கேட்டாய். அதுவும் பேச்சு வந்த நாளிலிருந்து "நீ, வா, போ" என்றே கூப்பிட்ட என்னை "உங்க" என்று கேட்டாய். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் அது எனக்கு உறைத்தது.

அதனால் எழுதுகிறேன். எழுதினால் சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். அழுது புலம்பப் போகிறேன் என்று பயப்படாதே, அழுகை வருவதே இல்லை. உன் அப்பா போனதிலிருந்து எனக்கு மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் ஒரு பக்கத்துக் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது, அந்த மாதிரி. காலையில் எழுந்து வாசல் தெளிக்கிறேன். பால்வாடிக்குப் போகிறேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடிக்கிறேன். சாயங்காலம் வந்து டி.வி.யைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி பொறுக்குகிறேன். பொம்மையார்பாளையத்திலிருந்து உன் அக்கா செல்வி வந்தால், "இன்னாம்மா இப்படி செல போல குந்திகினு இருக்கற" என்று சத்தம் போடுகிறாள். சிலைக்கு என்ன, ஒரு வேலையும் இல்லை. எனக்கு எல்லா வேலையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பால்வாடியில் பிள்ளைகள் பேசுவது மட்டும் நிற்பதில்லை. அதுகளுக்கு நம் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சுனாமி வந்துபோன பிறகு பால்வாடியைத் திரும்பத் திறந்தபோது, கரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "டீச்சர், கடலு எங்க ஊட்டுக்கு வந்துச்சு. நாங்க ஊட்ல இல்ல. அதான் திரும்பிப் போயிடுச்சு" என்றான். ஏதோ சொந்தக்காரர் வந்து கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போன மாதிரி சொன்னான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாளிலிருந்து உப்பளத்தில் கூலிக்கு வருகிற அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போதும் சொல்கிறார்கள் பிள்ளைகள். போன மாதம் ஒரு பெண் குழந்தை என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், உங்க பொட்டு தொலஞ்சிபோச்சா? எங்கம்மா கண்ணாடியில நெறைய ஒட்டி வெச்சிருக்குது, ஒண்ணு எடுத்தாரட்டா?" என்று கேட்டது. சமைக்கிற அம்மா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் "வேணாம், போய் உக்காரு" என்றேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை என்பதுகூட மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

நம் வீடு எப்படிப்பட்ட வீடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகப் பேசினால் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். உன் அப்பா உப்பளத்து மேஸ்திரி. ஊருக்கே உப்பு ஏற்றி அனுப்புகிறவர் வீட்டில் என் கை எப்போதும் உப்பைக் குறைத்துத்தான் போடும். "வெளிய சொன்னா சிரிப்பாங்க, உள்ள சொன்னா அடிப்பா, நான் எங்க போய்ச் சொல்றது" என்று சாம்பாரைப் பார்த்துப் பேசுவார். நான் சும்மா விடுவேனா? பழைய மொபெட் ஒன்று வாங்கி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து உப்பு வாய்க்காலில் விழுந்தாரே, அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். "ஓடற வண்டியிலருந்து யாரு வேணா விழுவாங்க, நின்ன வண்டியிலருந்து விழ எங்க ஊட்டுக்காரராலதான் முடியும்" என்பேன். செல்வியைப் பெண் பார்க்க வந்தபோது உன் சித்தப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க பொண்ணு சமையல ஒரு வாட்டி சாப்புட்டா மறுவாட்டி கேக்கவே மாட்டீங்க" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். அர்த்தம் புரியவே அவர்களுக்கு ஒரு தீபாவளி ஆனது.

இதெல்லாம் பொடிக் கிண்டல். பெரிய கிண்டல் எது என்று உனக்குத் தெரியும். எந்த வீட்டிலும் பிள்ளைகள் அதற்குத் தப்புவதில்லை. அடம் பிடித்தால், சொன்ன பேச்சு கேட்காவிட்டால், ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, "நீ பொறந்தவளா என்ன, தவுட்டுக்கு வாங்குனது" என்று சொல்லிவிடுவார்கள். நம் வீட்டில் அதற்கு ஆளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. செல்வியை நெல்லூரிலிருந்து உப்பு ஏற்ற வந்த லாரிக்காரனிடம் வாங்கினோம். அவன் வண்டியில் நிறையக் குழந்தைகள் வைத்திருந்தான், நல்லதுக்கெல்லாம் தவிடு அதிகம் கேட்டான், மிச்சம் இருந்ததை நமக்குக் கொடுத்துவிட்டான். உன் அப்பா இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. செல்வி ஒருநாள் நிஜமாகவே பாவாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போய் நின்றுவிட்டாள். நின்ற லாரிக்காரரிடம், "எங்க ஒரிஜினல் அம்மா எந்த ஊட்ல இருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் பயந்துபோய், ஒரு பன் வாங்கிக் கொடுத்து, விசாரித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். சித்தப்பாவின் பெரிய பையன் திண்டிவனம் சந்தையில் ஆட்டுக்குட்டிக்குக் கொசுறாக வந்தவன். சின்னவன், பஸ்ஸில் யாரோ மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போன பிள்ளை. அதுகளும் அழுதன, அப்புறம் சிரித்தன, கடைசியில் தாங்களே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தன.

உனக்கு மட்டும் அப்படி ஒரு கதை கிடையாது. ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கூடத்துச் சுவரில் போட்டோவில் நிற்கிறாளே என் தங்கை, சித்தி என்று நீ விபூதி வைத்துக் கும்பிட்ட என் தங்கை, அவள்தான் உன்னைப் பெற்றவள். பெற்ற சில நாளிலேயே காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவள் புருஷன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்வார்? வேறு கல்யாணம் செய்துகொண்டு வடக்குப் பக்கம் போய்விட்டார். நான் உன்னைத் துணியில் சுற்றி பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். மரக்காணம் ஸ்டாப்பிங்கில் உன் அப்பா புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உன்னை வாங்கிய கையை வீடு வரைக்கும் அசைக்கவில்லை. அன்றைக்கே உன் சித்தப்பாவையும் அவர் பெண்டாட்டியையும் கூப்பிட்டு, வாண்டாக இருந்த செல்வியையும் உட்கார வைத்துச் சொன்னார். "இவன எது வேணா சொல்லிக் கிண்டல் பண்ணுங்க. தவுட்டுக்கு வாங்குன கத மட்டும் வெளையாட்டுக்குக்கூட யாரும் எடுக்கக் கூடாது. மத்த புள்ளைங்களுக்கு அது பொய்யி. இவனுக்கு அப்படியே போய்க் குத்தும்." நாங்கள் எல்லாரும் சரி என்றோம். அதில் தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த மனிதர் சொன்னதில் தப்பு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

நீ பேசியது எல்லாம் எனக்கு நினைவு இருக்கிறது. மழைக்காலம் வருகிறது என்று உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். நீ அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, உப்புக்கு ஜொரமா?" என்று கேட்டாய். வேலை செய்த பெண்கள் எல்லாரும் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள், மூட வேண்டிய நேரம் வந்தால், "மேஸ்திரி, உப்புக்கு ஜொரம் வர்ற மாதிரி இருக்குது" என்றுதான் வானத்தைக் காட்டுவார்கள். இன்னொரு நாள் போட்டோவைப் பார்த்து, "சித்தி எப்ப பாரு நின்னுகினே இருக்காங்க, கால் வலிக்காதா? ஒரு நாற்காலி போடும்மா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்புறம் அந்தப் பொங்கல். சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. கரும்பைக் கடித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுடைய கதையும் ஓடிக்கொண்டிருந்தது, லாரிக்காரன், ஆட்டுக்குட்டி, பஸ் எல்லாம். நீ நடுவில் வந்து நின்று, "அக்காவ தவுட்டுக்கு வாங்குனீங்க. அண்ணன ஆட்டுக்குட்டியோட வாங்குனீங்க. என்ன எதுக்கு வாங்குனீங்க? நான் இன்னா வெல?" என்று கேட்டாய்.

அது எவ்வளவு நல்ல கேள்வி. மற்ற வீடாக இருந்தால் அதை வைத்து உன் கல்யாணம் வரைக்கும் ஓட்டியிருப்பார்கள். நம் வீட்டில் ஒருத்தர் வாயிலும் சத்தம் வரவில்லை. சித்தப்பா பெண்டாட்டி கரும்புச் சக்கையைப் பொறுக்க ஆரம்பித்தாள். உன் அப்பா உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ எங்க ரத்தம்டா, உன்ன யாரும் வாங்கல" என்றார். சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது. பெற்ற பிள்ளையிடம் எந்த அப்பன் அப்படிச் சொல்வான்? சொல்ல வேண்டிய அவசியமே வராதே. நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் இறங்கிப் போய் விளையாடினாய். சின்னப் பிள்ளை, மறந்துவிடும் என்று நினைத்தேன்.

தவிட்டுக் கதையோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்ற பயத்தில், உன்னைத் தொடுகிற எல்லாக் கிண்டலையும் நாங்கள் மெதுவாக விட்டுவிட்டோம். கிண்டல் என்பது ஓரிடத்தில் ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? சித்தப்பா பையன் பத்தாவதில் கணக்கில் பெயிலானபோது அவனுக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, தெரு முழுக்கச் சிரித்தோம். நீ பெயிலானபோது உன் அப்பா, "பரவால்லப்பா, அடுத்த வாட்டி எழுதிக்கலாம்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். செல்வி கோபத்தில், "நான் ஒரு மார்க் கம்மியா எடுத்தா எரும மேய்க்கப் போன்னு சொல்றீங்க, அவனுக்கு மட்டும் இன்னா தனி மரியாத?" என்று கேட்டாள். அதற்கும் நாங்கள் அவளைத்தான் அதட்டினோம். நீ தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். நீ மற்றவர்களைக் கிண்டல் செய்வதையும் நிறுத்திக்கொண்டாய். வீட்டில் ஒரு நல்ல பையன் வளர்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்கும். உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. உன் அப்பா மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை. நீ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாய். மறுநாள் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, எடுக்கிற நேரம். சடங்கு செய்கிறவர் கொள்ளிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "புள்ள யாருப்பா, முன்னால வா" என்றார். நீ ஈர வேட்டியோடு கூட்டத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தாய். ஒரு எட்டு வைத்திருக்கலாம். நீ பின்னால் நகர்ந்து, "சித்தப்பா புடிக்கட்டும்" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் எனக்குக் கேட்டது. சித்தப்பா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டியை வாங்கிக்கொண்டார். "இன்னாடா இது, நீதான் புடிக்கணும்" என்று ஒருத்தர்கூட உன்னை அதட்டவில்லை. நானும் அதட்டவில்லை. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவரை எடுத்துக்கொண்டு போனார்கள், நீ கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போனாய். யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவன் மாதிரி நடந்தாய்.

கருமாதி முடிந்த மறுநாள் கிளம்பிவிட்டாய். பொங்கலுக்கு வரவில்லை, ஓவர்டைம் என்றாய். போனில் பேசும்போது உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறாய். பக்கத்து வீட்டு டீச்சர் அம்மாவை விசாரிக்கிற பையன் இதைவிட நன்றாக விசாரிக்க முடியாது. நான் செல்வியிடம், "அவனுக்கு யாரு சொன்னது? உன் சித்தப்பனா?" என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரும் சொல்லலம்மா. பத்தாவது பெயிலானான் இல்ல, அன்னிக்கே அவனே என்கிட்ட வந்து கேட்டான்" என்றாள். என்ன கேட்டான் என்றேன். "'எல்லாரையும் வாங்குனோம் வாங்குனோம்னு சொல்றாங்க, என்ன மட்டும் வாங்கலன்றாங்க. அப்ப என்னத்தான் வாங்கியிருக்காங்க, இல்லக்கா?'ன்னு கேட்டான். நான் இன்னா சொல்றது? அழுதுட்டேன். அவனுக்கு அதுவே போதும். 'அம்மாகிட்ட சொல்லாத, பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறாங்க'ன்னான்." செல்வி சொல்லிவிட்டு மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். எனக்கு அதைக் கேட்டும் அழுகை வரவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. முள் குத்தக் கூடாது என்று செருப்பு போட்டுவிட்டோம், செருப்பு கடித்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அத்தனை வருஷம் தெரிந்துவைத்துக்கொண்டு, எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நீயும் வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அது யார் புத்தி? அச்சு அசலாக உன் அப்பா புத்தி. அவரும் அப்படித்தான். வலியைச் சொல்லவே மாட்டார், மற்றவர்களுக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து வீட்டையே ஊமையாக்கிவிடுவார். நெஞ்சு வலி முந்தின வாரமே இருந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. ரத்தம் வேறு என்று நினைத்துத்தானே நீ நகர்ந்து நின்றாய். அவரோடு ஒரு சொட்டு ரத்தம் சம்பந்தமில்லாத உனக்கு அவருடைய அத்தனை கெட்ட பழக்கமும் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார். செல்விக்கு அதில் ஒன்றுகூட வரவில்லை.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் உன்னைக் கிண்டல் செய்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. உன் நடையை, உன் தொப்பையை, நீ குறட்டை விடுவதை, உன் அம்மா சமையலை, எதைச் சொன்னாலும் பதிலுக்கு நீயும் சொல். அவள் உன்னிடம் ரொம்ப ஜாக்கிரதையாகப் பேச ஆரம்பித்தால்தான் நீ பயப்பட வேண்டும். என்ன விஷயம் என்று அன்றைக்கே உட்கார்ந்து கேட்டுவிடு, வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதே. உனக்குப் பிள்ளை பிறந்து, ஏடாகூடமாக எதையாவது கேட்டால், சிரிப்பு வந்தால் சிரி, பதில் தெரிந்தால் பதிலைச் சொல். இரண்டும் இல்லாமல் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமாதே. அதுகளுக்கு நம் முகம் நன்றாகப் படிக்கத் தெரியும். பால்வாடியில் இத்தனை வருஷம் இருந்த எனக்கே இது தெரியாமல் போனது.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பத்திரிகையில் போடலாமா என்று என்னைக் கேட்காதே. எங்கள் பேரை முதலில் போடு. கீழே உன்னைப் பெற்றவள் பேரையும் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் போடு. அவள் என் தங்கை, எனக்கு அதில் குறை இல்லை. சம்பந்தி வீட்டார் கேட்டால் இருக்கிறதை இருக்கிறபடி சொல், மறைத்தது போதும். நலங்கு இங்கேதான் வைக்க வேண்டும், மண்டபத்தில் அவசரமாக வைக்கிற வேலையெல்லாம் கூடாது. இதில் உன் சௌகரியத்தை நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம். அதற்காகத்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதவே ஆரம்பித்தேன். காலையில் உன் சித்தப்பா வந்திருந்தார். ஐப்பசியில் உன் அப்பாவுக்கு வருஷத் தெவசம் வருகிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும், உன் அப்பா போன அன்றைக்கு மழையில் எல்லாக் காரியத்துக்கும் அலைந்தவர். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பூசை செய்கிறவரிடம் நாள் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "பாபுவ தொந்தரவு பண்ண வேணாம் அண்ணி. கல்யாணத்துக்கு வேற லீவு போடணும். கொள்ளி வெச்சது நான், தெவசத்துக்கும் நானே குந்திடறேன்" என்றார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"நீங்க குந்த வேணாம். அவரு புள்ள வந்து குந்தட்டும்" என்றேன்.

அவர் சைக்கிள் மணியைத் தடவினார். "அவன் வர்லன்னா?" என்றார்.

"வர்லன்னா யாரும் குந்த வேணாம்."

"அப்ப அண்ணனுக்கு யாரு அண்ணி எல போடறது?"

"யாரும் போட வேணாம். பசியோட கெடக்கட்டும் உங்க அண்ணன்" என்றேன்.

டீயைக் குடிக்காமலே போய்விட்டார். சொன்னது சொன்னதுதான், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உன் அப்பாவுக்குப் பசி தாங்காது, பாபு. அது உனக்கே தெரியும்.

அம்மா